தகரப் புனலில் அலை பிடித்தவர் - ஜகதீஷ் சந்திர போஸ்



போஸ் என்று சொன்னாலே நம்மில் பாதிப் பேருக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்தான் ஞாபகத்துக்கு வருவார். மீதிப் பேருக்கு, செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டிய விஞ்ஞானி ஞாபகத்துக்கு வருவார். நான் எழுதப் போவது அந்த இரண்டாவது போஸைப் பற்றி. ஆனால் செடியைப் பற்றி இல்லை. செடிப் பக்கம் போவதற்கு முன்னாடி அவர் கண்ணுக்குத் தெரியாத அலைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். செல்போன், வைஃபை, டிஷ் எல்லாவற்றுக்கும் அந்த வேலையோடு சொந்தம் இருக்கிறது. இதைப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதனால்தான் நான் முழுத் தாளையும் எடுத்துக்கொண்டேன். (மணி அடிச்சுட்டா மத்தியானம் வந்து மீதியைப் படிங்க. தாள் எங்கயும் போயிடாது.)

ஜகதீஷ் சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி பிறந்தார். பிறந்த ஊர் மைமன்சிங். இப்போது அது பங்களாதேஷில் இருக்கிறது. அதுவும் நம்ம ஊர் மாதிரி ஆத்துத் தண்ணியும் நெல்லுமாக இருக்கிற பூமிதான். அப்பா பகவான் சந்திர போஸ், வெள்ளைக்காரன் அரசாங்கத்தில் பெரிய அதிகாரி. அந்தக் காலத்தில் அதிகாரி வீட்டுப் பிள்ளை என்றால் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகும். இவர் அப்பா என்ன செய்தார் தெரியுமா? பையனை வங்காளி மொழிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். முதலில் தாய்மொழியும் சொந்த ஜனங்களும் தெரியணும், இங்கிலீஷ் பிறகு வரட்டும் என்பது அவர் எண்ணம். அங்கே ஒரு பக்கம் அப்பாவுக்கு உதவியாளாக இருந்த முஸ்லிம் ஒருவருடைய மகன், இன்னொரு பக்கம் ஒரு மீனவர் மகன், நடுவில் ஜகதீஷ். அவர்கள் சொன்ன பறவை, மீன், தண்ணிப் பிராணி கதைகளைக் கேட்டுத்தான் தனக்கு இயற்கை மேல் ஆசை வந்தது என்று பெரியவரான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கல்கத்தாவில் செயின்ட் சேவியர் பள்ளியும் கல்லூரியும். லாஃபோன் என்ற பாதிரியார் அங்கே இயற்பியல் நடத்தினார். அவர் சோதனை செய்து காட்டித்தான் பாடம் எடுப்பாராம். 1880இல் டாக்டருக்குப் படிக்க லண்டன் போனார் போஸ். காய்ச்சல் விடவே இல்லை. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். ராலே பிரபு அங்கே அவருக்கு ஆசிரியர்.

1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வாத்தியார் வேலை கிடைத்தது. இங்கேதான் எனக்குக் கோபம் வந்த இடம். ஒரே வேலை, ஒரே பாடம், ஒரே வகுப்பு. ஆனால் வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு முழுச் சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போஸ் வேலை நிரந்தரம் ஆகவில்லை என்று சொல்லி அதிலும் பாதி. கணக்குப் போட்டுப் பாருங்க, மூணுல ஒரு பங்குதான் வருது. அவர் சண்டை போடவில்லை. சம்பளத்தைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேலைக்கு மட்டும் ஒரு நாள் தவறாமல் போனார். பாடம் நடத்தினார். ஒரு மாதம் ரெண்டு மாதம் இல்லை, மூன்று வருஷம்!

நடுவில் 1887இல் கல்யாணமும் ஆனது. மனைவி பெயர் அபலா. இவரைப் பற்றி ஒரு விஷயம் நாம் தெரிந்துகொள்ளணும். கல்கத்தாவில் பெண்களை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கவில்லை என்பதால், 1882இல் அபலா நம்ம மெட்ராஸுக்கு வந்து மருத்துவம் படித்தவர். உடம்பு சரியில்லாமல் போனதால் படிப்பை முடிக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பொண்ணு தனியா அவ்வளவு தூரம் வந்து படிச்சதே பெரிசு. (நம்மை ஒரத்தநாட்டுக்குத் தனியா அனுப்பவே யோசிக்கிறாங்க.) சம்பளம் வராத காலத்தில் இரண்டு பேரும் வாடகை குறைவான ஒரு ஆற்றங்கரை வீட்டில் குடியிருந்தார்கள். போஸ் படகில் ஹூக்ளி ஆற்றைக் கடந்து ரயிலைப் பிடிப்பார், திரும்பும்போது படகை அபலாவே ஓட்டிக்கொண்டு வருவார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. கடைசியில் கல்லூரி இறங்கி வந்தது. முழுச் சம்பளம், பாக்கியும் மொத்தமாக. அதை வைத்து அப்பா பட்ட கடனை அடைத்தார்.

இப்போது அலைக்கு வருவோம்.

நம்ம ஒலிப் பாடத்தில் ஹெர்ட்ஸ் என்ற அலகு வருதே, அது ஒரு மனிதர் பெயர். ஜெர்மனியில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் என்பவர் 1880களின் கடைசியில், மின்பொறியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அலை கிளம்பி காற்றில் போகிறது என்று சோதனையில் காட்டினார். 1894 புத்தாண்டு அன்று 36 வயதில் இறந்துபோனார். அதே வருஷம்தான் கல்கத்தாவில், அதே 36 வயதில், போஸ் அந்த அலைகளில் ஆராய்ச்சியை ஆரம்பித்தார்.

ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் முழம் கணக்கில், சிலதில் மீட்டர் கணக்கில் தூரம். அதைத் திருப்ப, குவிக்க ஆள் உயரத்துக்குத் தகடு வேண்டும். போஸுக்கு அவ்வளவு இடம் எங்கே? கல்லூரியில் ஆராய்ச்சிக் கூடமே கிடையாது. குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம். உதவிக்கு ஒரு தகர வேலைக்காரர். விஞ்ஞானக் கருவி எதுவும் செய்து பழக்கம் இல்லாதவர். போஸ் அவருக்குச் சொல்லிக்கொடுத்து, சொந்தக் காசில் கருவிகளைச் செய்ய வைத்தார்.

இடம் சின்னது என்பதால் அலையையே சின்னதாக்கிவிட்டார். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் உண்டாக்கிய அலைகளில் சிலது வெறும் 5 மில்லிமீட்டர். ஒரு நெல்லு நீளம்கூட இல்லை! அலை சின்னதானால் கருவியும் சின்னதாகும். எல்லாம் ஒரு மேஜை மேல் அடங்கிவிட்டது.

1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் எல்லோர் முன்னாடியும் செய்து காட்டினார். அலையை அனுப்பும் கருவி ஒரு அறையில். வாங்கும் கருவி சுமார் 75 அடி தள்ளி. நடுவில் சுவர். நடுவிலேயே வங்காளத்தின் துணை ஆளுநரும் உட்கார்ந்திருந்தார். அலை சுவரையும் தாண்டி, அந்த ஐயா உடம்பையும் தாண்டிப் போய், அந்தப் பக்கம் மணியை அடித்தது, வெடிமருந்தை வெடிக்க வைத்தது. கம்பியே கிடையாது. பார்த்தவர்கள் எப்படி முழித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, அந்த அலையைப் பிடித்தது எப்படி? அலையை உணரும் பாகம் ரொம்பச் சின்னது. வருகிற அலையோ பரவிப் பரவி வலு குறைந்து வரும். அதனால் வாங்கும் கருவியின் முன்னால் போஸ் உலோகத்தில் ஒரு புனல் வைத்தார். நாம் கேனில் எண்ணெய் ஊத்துகிற புனல் மாதிரியேதான், வாய் மட்டும் சதுரம். இன்றைக்கு இஞ்சினியர்கள் இதைக் கொம்பு ஆன்டெனா என்கிறார்கள். போஸ் வைத்த பெயர், சேகரிக்கும் புனல். எனக்கு அவர் வைத்த பெயர்தான் பிடிச்சிருக்கு, கேட்டதுமே புரியுது.

மழை பெய்யும்போது வாசலில் ஒரு பாட்டிலை வையுங்க. வாய் சின்னதாக இருப்பதால் கொஞ்சம்தான் நிறையும். அதே பாட்டில் வாயில் அகலமான புனலைச் செருகி வையுங்க. சீக்கிரம் நிறையும். புனல் மழையை அதிகமாக்கவில்லை. விழுகிற மழையை அதிகமாகப் பிடித்தது, அவ்வளவுதான். ஆன்டெனாவும் அப்படித்தான். அது கரண்டை உண்டாக்கி சிக்னலைக் கூட்டுவது கிடையாது. ஏற்கெனவே காற்றில் இருப்பதைக் கூடுதலாக வாங்கிக் கொடுக்கிறது. அதுக்குப் பதில் ஒன்றை இழக்கணும். புனல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்து அலைதான் நன்றாக வரும். மற்றப் பக்கம் கேட்காது.

இது புரிந்த பிறகுதான் எனக்கு நம்ம கம்ப்யூட்டர் ரூம் விஷயம் புரிந்தது. மூலையில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு வயர் கிடையாது, உள்ளே ஒயர்லெஸ் கார்டு போட்டிருக்கிறார்கள். அதன் ஆன்டெனா பெட்டிக்குப் பின்னாடி விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டியோ இரும்புத் தகடு, மேஜைக்கு அடியில், சுவரை ஒட்டி. சிக்னல் ஒரு கோடுதான் காட்டும், அதுவும் போய்ப் போய் வரும். அப்புறம் டீச்சர் அந்தக் குச்சியைத் திருகிக் கழற்றிவிட்டு, ஒரு மீட்டர் வயரும் காந்த அடியும் உள்ள வேறொரு ஆன்டெனாவைப் போட்டு, அதை ஜன்னல் கம்பிக்கு முன்னால் தள்ளி மேஜை மேல் நிறுத்தினார்கள். மூன்று கோடு வந்தது! கார்டு அதேதான். கார்டுக்குள் எதுவும் மாறவில்லை. சுவரை அலை தாண்டும், ஆனால் இரும்புத் தகடு அதைத் திருப்பி அனுப்பிவிடும். அந்த மறைவிலிருந்து ஆன்டெனாவை வெளியே கொண்டுவந்ததுதான் பாதி வேலை. அந்தக் குச்சி நீளத்துக்கும் கணக்கு இருக்கு. வைஃபை அலை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் வந்துவிடும், நீங்களே போட்டுப் பாருங்க.

ஆன்டெனா விற்கிற அட்டையில் 3 டெசிபல், 9 டெசிபல் என்று போட்டிருக்கும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இரண்டு மடங்கு. 3 என்றால் 2 மடங்கு, 6 என்றால் 4, 9 என்றால் 8 மடங்கு. ஆனால் ஏமாந்துவிடக் கூடாது. ஆன்டெனாவை மாடியில் வைத்து, அங்கேயிருந்து கார்டு வரைக்கும் மெல்லிசான வயரை இழுத்தால், பிடித்த சிக்னல் வயரிலேயே தேய்ந்துவிடும். இதை நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரிய வைக்கத் தேவையில்லை. கல்லணையில் திறந்த தண்ணி எல்லாம் கடைமடைக்கு வந்து சேருதா என்ன? வழியிலேயே மண் குடிக்கிறது பாதி. வயரும் அப்படித்தான், எவ்வளவு நீளமோ அவ்வளவு குடிக்கும். வயரில் 3 டெசிபல் போனால் பிடித்ததில் பாதி போச்சு.

எங்க தாத்தாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, இது எங்களுக்கு அப்பவே தெரியும்டி என்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டார். 1982இல் இலங்கையில் ரூபவாஹினி டிவி தொடங்கியது. நம்ம டெல்டாவில் கடற்கரைப் பக்கம் நிறைய வீட்டில் அதைப் பார்ப்பதற்காகவே மாடியில் நீளமான இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் மீன்முள் மாதிரி ஆன்டெனா கட்டுவார்களாம். ஒருத்தர் மேலே குழாயைத் திருப்ப, ஒருத்தர் கீழே டிவி முன்னால் நின்று வந்துடுச்சு, போயிடுச்சு என்று கத்த, தெருவே கேட்குமாம். தென்கிழக்கே பார்க்கத் திருப்பினால்தான் படம் வரும். நம்ம பூமி தட்டு மாதிரி சமம், குறுக்கே மலை இல்லை, நடுவில் கடல். அதனால் உயரம் ஏற ஏற சிக்னல் கூடும். அந்த மீன்முள் ஆன்டெனாவை 1920களில் ஜப்பானில் உடா, யாகி என்ற இரண்டு பேர் உண்டாக்கினார்கள். போஸின் புனல் செய்கிற அதே வேலை, ஒரு பக்கமாகப் பார்த்து வாங்குவது.

ஆன்டெனா குச்சியை நேராக நிறுத்துவதா, படுக்க வைப்பதா என்பதற்கும் போஸிடம் ஒரு சோதனை இருக்கிறது. பிராட்ஷா என்ற ரயில் நேர அட்டவணைப் புத்தகம் அப்போது எல்லோரிடமும் இருக்கும். தடிமனான புத்தகம். அதன் பக்கங்களுக்கு நடுவே ஈயத் தகடு மாதிரி மெல்லிய வெள்ளீயத் தாளைச் செருகி, அலை போகிற வழியில் பிடித்தார். ஒரு பக்கமாகப் பிடித்தால் அலை உள்ளே புகுந்து போகிறது. கால் வட்டம் திருப்பிப் பிடித்தால் நின்றுவிடுகிறது! அதாவது அலைக்கும் நிற்கிற அலை, படுத்த அலை என்று வாக்கு உண்டு. அனுப்புகிற ஆன்டெனா நிற்கும்போது வாங்குகிற ஆன்டெனாவைப் படுக்கப் போட்டால் சிக்னல் குறைவது இதனால்தான். முறுக்கிய சணலை வைத்தும் அலையைத் திருப்பிப் பார்த்தார். ரயில் புத்தகம், சணல், தகரம். இவ்வளவுதான் அவர் ஆய்வகம்.

1897 ஜனவரி 29ஆம் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இந்தக் கருவிகளை எல்லாம் வைத்துப் பேசினார். கருவி எப்படிச் செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டார். இதை ரகசியமாக வைத்திருந்தால் எவ்வளவோ சம்பாதித்திருக்கலாமே என்று அங்கேயிருந்த பத்திரிகையே ஆச்சரியப்பட்டது. 1901இல் ஒரு தந்திக் கம்பெனி முதலாளி காப்புரிமை எடுக்கச் சொல்லிக் கெஞ்சியபோதும் மறுத்துவிட்டு, அதை நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதத்தில் எழுதினார். கடைசியில் சகோதரி நிவேதிதாவும் (நம்ம பாரதியார் குருவாக நினைத்தாரே, அவரேதான்) சாரா புல் என்ற அம்மையாரும் வற்புறுத்தியதால் ஒரே ஒரு அமெரிக்கக் காப்புரிமை 1904இல் அவர் பெயரில் வந்தது. அதை வைத்தும் காசு பார்க்கவில்லை.

சிலர் ரேடியோவைக் கண்டுபிடித்தவரே போஸ்தான், மார்கோனி திருடிவிட்டார் என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். நான் படித்த வரைக்கும் அப்படி முழுசாகச் சொல்ல முடியாது. போஸ் சின்ன அலையை வைத்து அதன் குணத்தை ஆராய்ந்தார். மார்கோனி நீண்ட அலையை வைத்து தூரத்துக்குச் செய்தி அனுப்பப் பார்த்தார். 1901 டிசம்பர் 12ஆம் தேதி இங்கிலாந்திலிருந்து அனுப்பிய சிக்னலைக் கடலுக்கு அந்தப் பக்கம் கனடாக் கரையில் வாங்கியதாக மார்கோனி அறிவித்தார். ஆன்டெனாவை எப்படித் தூக்கினார் தெரியுமா? காத்தாடியில் கட்டி! சுமார் 500 அடி உயரத்துக்கு கம்பி போனது. அங்கேயும் உயரம்தான் வேலை செய்தது, எங்க தாத்தா குழாய் மாதிரி. ஆனால் அன்றைக்கு அந்த அலையை உணர்ந்த கருவியில் பாதரசம் இருந்தது. இரும்பும் பாதரசமும் வைத்த அதே மாதிரிக் கருவியை போஸ் 1899இலேயே ராயல் சொசைட்டிக் கட்டுரையில் எழுதிவிட்டார். இதை 1998இல் ஒரு ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினார். 1909இல் நோபல் பரிசு மார்கோனிக்கும் பிரவுனுக்கும் போனது. பரிசு போனதுகூட எனக்குப் பெரிசாகத் தெரியவில்லை. தன் கட்டுரையைப் படித்து யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டவர் பெயரை, செய்துகொண்டவர்கள் ஒரு இடத்திலாவது எழுதியிருக்கலாம்.

போஸ் அதற்குள் செடிகள் பக்கம் போய்விட்டார். தொட்டாற்சிணுங்கியில் கரண்ட் வைத்துப் பார்த்தார், செடி வளர்வதைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் செய்தார். வெளிநாட்டு விஞ்ஞானிகள் சிலர் நம்பவில்லை, சண்டையும் நடந்தது. அதை நம்ம தாவரவியல் பாடத்தில் படிக்கலாம். 1917இல் தன் பிறந்தநாள் அன்றே கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். குளியலறைப் பக்கம் இடம் தேடியவர், மற்றவர்களுக்கு ஒரு கட்டடமே கட்டிக் கொடுத்தார். 1920இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அபலா அம்மையார் 1919இல் பெண்கள் படிப்புக்காக ஒரு சங்கம் ஆரம்பித்து ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். 1937 நவம்பர் 23ஆம் தேதி கிரிதி என்ற ஊரில் போஸ் இறந்தார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 79 வயது முடிந்திருக்கும்.

அவருடைய 5 மில்லிமீட்டர் அலை, கணக்குப் போட்டால் 60 கிகாஹெர்ட்ஸ் வரும். அவ்வளவு சின்ன அலையை வைத்து என்ன செய்வது என்று அப்போது உலகத்துக்குத் தெரியவில்லை, அப்படியே கிடப்பில் போட்டுவிட்டார்கள். 2022இல் நம்ம நாட்டில் 5ஜி ஏலம் விட்டார்களே, அதில் 26 கிகாஹெர்ட்ஸும் இருந்தது. அதன் அலைநீளம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. போஸ் மேஜையில் அதுவும் ஓடியிருக்கிறது. 2012இல் உலக மின்பொறியாளர் சங்கமான ஐஇஇஇ, அவர் பாடம் நடத்திய அதே கல்லூரியில் அவர் சோதனைக்காகக் கல்வெட்டு வைத்தது. அவர் கருவிகளை கொல்கத்தாவில் போஸ் நிலையத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

கொல்கத்தா போக முடியாதவங்க அவங்கவங்க மாடிக்குப் போங்க. டிஷ் தட்டுக்கு எதிரே ஒரு கம்பி நீட்டி, அதன் நுனியில் தட்டைப் பார்த்தபடி ஒரு சின்ன டப்பா இருக்கும். எல்என்பி என்பார்கள். அதன் பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே இருப்பது ஒரு புனல்தான். மூடியைக் கழற்றிப் பார்க்காதீங்க. தட்டு ஒரு விரல் நகர்ந்தாலும் படம் போயிடும், ராத்திரி சீரியல் நேரத்தில் அம்மா கேட்டா என் பேரைச் சொல்லக் கூடாது!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி